பூட்டு யார் கையில் இருக்கிறது? வீடியோ கேம் திறப்புக் கருவிகள்: ஓர் எளிய விளக்கம்

ஒரு வீடியோ கேமை முழு விலை கொடுத்து வாங்கினாலும், அதில் உள்ள எல்லாம் முதல் நாளே ஆடுபவரின் கைக்கு வந்துவிடுவதில்லை. சில கார்கள், சில பாத்திரங்கள், சில ஆயுதங்கள், சில உடைகள் பூட்டியே இருக்கும். அவற்றுள் சிலவற்றை ஆடி வென்றுதான் திறக்க வேண்டும். சிலவற்றுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இன்னும் சில, தயாரிப்பாளர்கள் பாதியில் கைவிட்டு, வெளியே தெரியாதபடி உள்ளேயே விட்டுவைத்தவை. இந்தப் பூட்டுகளைத் தயாரிப்பு நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் திறப்பதற்காக வெளியார் செய்துவிடும் மென்பொருள்களும் சிறு சாதனங்களும்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

பாளையங்கோட்டையில் கணினியும் கைபேசியும் பழுது பார்க்கும் கடையில் அமர்ந்திருக்கும் எனக்கு, கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் இந்தக் கேள்விகள்தான் அதிகம் வரும். "அண்ணாச்சி, இந்த ஃபோன்ல டயமண்ட் ஹேக் ஏத்தித் தர முடியுமா?" என்று எட்டாம் வகுப்புப் பையன் கேட்பான். "அண்ணாச்சி, டிஎல்சி எல்லாத்தையும் திறக்குற ஃபைல் ஒண்ணு இருக்காமே" என்று கல்லூரி மாணவர் கேட்பார். டயமண்ட் என்பது கைபேசி ஆட்டத்துக்குள் பொருள் வாங்கப் பயன்படும் காசு; டிஎல்சி என்பது தனியாகப் பணம் கட்டி வாங்கும் கூடுதல் பகுதி. இருவரும் ஒரே பொருளைக் கேட்பதாகத் தோன்றினாலும், இரண்டும் அடிப்படையிலேயே வெவ்வேறானவை. ஒன்று நடக்கவே முடியாத காரியம். மற்றொன்று நடக்கக்கூடியது, ஆனால் சட்டத்துக்கும் நேர்மைக்கும் இடிக்கும். அந்த வேறுபாட்டை ஒருவர் புரிந்துகொண்டுவிட்டால், இனி யார் எந்தக் கருவியைக் காட்டினாலும் அது மெய்யா பொய்யா என்பதைத் தானே கணித்துக்கொள்ளலாம்.

நகையை வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டுவதற்கும் வங்கி லாக்கரில் வைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. பீரோவின் சாவி தொலைந்தாலும் பூட்டுக்காரரை அழைத்துத் திறந்துவிடலாம், ஏனென்றால் பொருள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வங்கியில் இருக்கும் நகையை வீட்டில் உட்கார்ந்து எந்தச் சாவியாலும் எடுக்க முடியாது. ஆகவே எந்த கேமாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, பூட்டப்பட்ட அந்தப் பொருள் நம் கணினிக்குள் இருக்கிறதா, நிறுவனத்தின் சர்வரில், அதாவது இணையத்தின் மறுமுனையில் உள்ள அவர்கள் கணினியில், இருக்கிறதா என்பதே.

பொருள் நம் கையிலேயே இருந்த பழைய காலத்திலிருந்து தொடங்குவது எளிது. 1990-களில் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய டிவி கேம் பெட்டிகளைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். கேசட்டைச் செருகினால் மரியோவோ கான்ட்ராவோ வரும். 1988-இல் வெளிவந்த கான்ட்ராவில், தொடக்கத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று பொத்தான்களை அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும். இந்த வரிசையை முதலில் அமைத்தவர் கொனாமி நிறுவனத்தைச் சேர்ந்த கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-இல் கிரேடியஸ் என்ற விண்கல ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றி எழுதியபோது, அதைச் சோதித்துப் பார்க்க முடியாத அளவுக்கு அது கடினமாக இருந்ததால், தம் வசதிக்காக இந்தக் குறுக்குவழியை உள்ளே வைத்தார். பிற்காலத்தில் நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஜிடிஏ வைஸ் சிட்டி ஆடியவர்கள் "பேன்சர்" என்று தட்டச்சு செய்து பீரங்கி வண்டியை வரவழைத்ததும் இதே வகைதான். இவையெல்லாம் தயாரித்தவர்களே வைத்த கதவுகள். இவற்றைப் பயன்படுத்துவதில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

வெளியார் செய்த கருவிகளில் பெரும்புகழ் பெற்றது கேம் ஜீனி. பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் உருவாக்கிய இதை அமெரிக்காவில் கலூப் என்ற பொம்மை நிறுவனம் விற்றது. அதன் செயல்பாடு இன்றைய கருவிகள் அனைத்துக்கும் மூலப்பாடம் என்பதால், சற்றுப் பொறுமையாகப் பார்க்கலாம். கேசட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே கேம் ஜீனியைச் செருக வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் செயலி தனக்கு வேண்டிய ஒவ்வொரு எண்ணையும் கேசட்டிடமிருந்து ஒரு முகவரியைச் சொல்லிக் கேட்டு வாங்கும்; "ஆட்டம் தொடங்கும்போது எத்தனை உயிர்?" என்பதற்கான விடையும் அப்படி ஒரு முகவரியில்தான் இருக்கும். கேசட்டில் அங்கே 3 என்று பதிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நிற்கும் கேம் ஜீனி, அந்த ஒரு முகவரிக்கான கேள்வி வரும்போது மட்டும் கேசட்டின் விடையை மறைத்து, 9 என்று தன் விடையைக் கொடுத்துவிடும். கேசட்டில் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. கருவியைக் கழற்றிவிட்டால் ஆட்டம் பழையபடியே நடக்கும்.

இதற்காக ஆடுபவர் தட்டச்சு செய்யும் குறியீடு பார்ப்பதற்குப் பொருளற்ற எழுத்துக் கோவையாகத் தெரியும், ஆனால் அதில் கணக்கு உண்டு. கேம் ஜீனி 16 எழுத்துகளை மட்டுமே பயன்படுத்தியது; ஆகவே ஒவ்வோர் எழுத்தும் 4 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றைக் குறி) தகவலைச் சுமக்கும். 6 எழுத்துக் குறியீட்டில் 24 பிட் அடங்கும். அதில் 15 பிட் எந்த முகவரி என்பதையும், 8 பிட் அங்கே எந்த எண்ணைக் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லும். பெரிய கேசட்டுகள் ஒரே முகவரியில் வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு பகுதிகளை மாற்றி மாற்றிக் காட்டுவதால், "அங்கே ஏற்கெனவே இந்த எண் இருந்தால் மட்டும் மாற்று" என்ற நிபந்தனையையும் சேர்த்த 8 எழுத்துக் குறியீடுகளும் இருந்தன. கணினிப் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவருக்கு மெமரி முகவரி என்றால் என்ன என்பதைப் புரியவைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆட்டப் பெட்டியைத் தயாரித்த நின்டென்டோ நிறுவனம் இதை எதிர்த்து வழக்காடியது. தங்கள் ஆட்டத்தை அனுமதியில்லாமல் மாற்றிப் புதிய படைப்பை உருவாக்குவதாக அவர்கள் வாதிட்டார்கள். 1992-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிலையான வடிவம் கொண்ட எந்தப் புதிய படைப்பும் இங்கே உருவாகவில்லை என்றும், தான் வாங்கிய ஆட்டத்தைத் தன் வீட்டில் ஒருவர் மாற்றி ஆடிப் பார்ப்பது நியாயமான பயன்பாடே என்றும் தீர்ப்பு வந்தது. இடைக்காலத் தடையால் விற்பனை நின்றிருந்த காலத்துக்காகக் கலூப் நிறுவனத்துக்கு 1.5 கோடி டாலர் இழப்பீடும் கிடைத்தது.

கணினிக்கு வந்தால், நடுவே செருக இடம் இல்லை. ஆனால் ஆட்டம் ஓடும்போது அதன் எண்கள் எல்லாம் கணினியின் மெமரியில்தான் இருக்கும். அவற்றைத் தேடி மாற்றும் மென்பொருள்கள் பல உண்டு. தேடும் முறை எளிமையானது, ஆனால் அழகானது. ஆட்டத்தில் நம்மிடம் 500 காசு இருக்கிறது என்றால், மெமரியில் 500 என்ற எண் உள்ள இடங்களையெல்லாம் தேடச் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கில் இடங்கள் வரும். பிறகு ஆட்டத்துக்குள் சென்று 70 காசு செலவழித்துவிட்டு, முன்பு 500 ஆக இருந்து இப்போது 430 ஆக மாறியவை எவை என்று தேட வேண்டும். பட்டியல் சட்டென்று சுருங்கும். இரண்டு மூன்று சுற்றுகளில் ஒரே ஒரு முகவரி மிஞ்சும்; அதில் எந்த எண்ணை எழுதுகிறோமோ அதுவே நம் காசு. குறிப்பிட்ட ஓர் ஆட்டத்துக்காக இந்த முகவரிகளை முன்பே கண்டுபிடித்து, பொத்தானை அழுத்தினால் வேலை செய்யும்படி கட்டித் தருவதைத்தான் டிரெய்னர் என்கிறார்கள்.

ஆடி வென்று திறக்க வேண்டிய கார்களும் பாத்திரங்களும் பெரும்பாலும் சேவ் ஃபைலில் (ஆட்டத்தில் எதுவரை வந்தோம் என்பதைச் சேமித்துவைக்கும் ஃபைலில்) 0, 1 என்ற குறிகளாகவே இருக்கும். 0 என்றால் பூட்டு, 1 என்றால் திறப்பு. 8 கார்களின் நிலையை ஒரே பைட்டில், அதாவது 8 பிட்டில், அடக்கிவிடலாம். சேவ் ஃபைலைத் திருத்தும் கருவிகள் இந்தக் குறிகளைத்தான் மாற்றுகின்றன. இதைத் தடுக்க, ஃபைலில் உள்ள எண்களையெல்லாம் ஒரு கணக்கின்படி கூட்டி வரும் சரிபார்ப்பு எண்ணையும் தயாரிப்பாளர்கள் அதிலேயே எழுதிவைப்பார்கள். உள்ளே ஒன்று மாறினாலும் கூட்டல் பொருந்தாமல் ஆட்டம் அந்த ஃபைலை ஏற்க மறுத்துவிடும். சேவ் ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். திருத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் எந்த இழப்பும் இருந்திருக்காது.

இந்த வகைத் திறப்பு சட்டப்படி சரியா என்ற கேள்வி ஐரோப்பாவில் அண்மையில்தான் ஒரு தெளிவுக்கு வந்தது. மோட்டார்ஸ்டார்ம் ஆர்க்டிக் எட்ஜ் என்ற பந்தய ஆட்டத்தில் குறிப்பிட்ட புள்ளிகள் சேர்த்த பிறகே கிடைக்கும் ஓட்டுநர்களை முதலிலேயே தேர்ந்தெடுக்கவும், டர்போ வேகத்தை வரம்பின்றிப் பயன்படுத்தவும் டேட்டல் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் மென்பொருள் இடம்தந்தது. சோனி வழக்குத் தொடுத்தது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், நிரலின் வரிகளைத் தொடாமல், அது ஓடும்போது மெமரியில் எழுதிவைக்கும் மாறும் எண்களை மட்டும் மாற்றுவது, கணினி நிரல்களுக்கான பதிப்புரிமைப் பாதுகாப்பின் எல்லைக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆயினும், தன் கணினியில் தனியாக ஆடும் ஆட்டத்தில் தான் காசு கொடுத்து வாங்கிய பகுதிகளை விரைவாகத் திறந்து பார்ப்பவரைத் திருடர் போல நடத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வள்ளியூர் பேருந்திலிருந்து இறங்கும் ஒருவருக்கு, ஒரு காரைத் திறப்பதற்காக நாற்பது மணி நேரம் ஆடப் பொழுதில்லை. அதனால் யாருக்கும் நட்டமில்லை.

பணம் கட்டித் திறக்க வேண்டிய பகுதிகளுக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. டிஎல்சி என்று சொல்லப்படும் இந்தக் கூடுதல் பகுதிகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, பணம் கட்டிய பிறகே பதிவிறக்கமாகும். அதுவரை நம் கணினியில் அது இல்லை. மற்றது, டிஸ்கிலோ முதல் பதிவிறக்கத்திலோ ஏற்கெனவே வந்துவிடும். பணம் கட்டினால் பூட்டு மட்டும் திறக்கும். 2012-இல் கேப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் ஆட்டத்தில், பின்னர் விற்பதற்கான 12 பாத்திரங்கள் டிஸ்கிலேயே பூட்டி வைக்கப்பட்டிருந்தன என்பதை டிஸ்கைத் துருவிய ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தபோது பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டது. வாங்கியவரும் வாங்காதவரும் இணையத்தில் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டுமானால், எதிராளியின் பாத்திரம் இருவர் கணினியிலும் இருந்தாக வேண்டும் என்பது நிறுவனங்கள் சொல்லும் காரணம். அந்தக் காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் முதல் நாளே முடித்து டிஸ்கில் ஏற்றிய பாத்திரத்தைத் தனியாக விற்பது வாங்குபவரின் கோபத்தைக் கிளறும் என்பதும் உண்மைதான்.

உள்ளே இருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எண்ணித் தயாரிப்பாளர்களே சிக்கிக்கொண்டதும் உண்டு. ஜிடிஏ சான் ஆன்ட்ரியாஸில், வெளியீட்டுக்கு முன் கைவிடப்பட்ட ஒரு பாலியல் காட்சி, அழைக்கப்படாத நிலையில் டிஸ்கிலேயே கிடந்தது. 2005-இல் ஒரு மோட் (ஆட்டத்தை மாற்றியமைக்க ஆட்டக்காரர்கள் செய்யும் சேர்க்கை) அதை உயிர்ப்பித்தவுடன், அமெரிக்க மதிப்பீட்டு வாரியம் அந்த ஆட்டத்தை வயது வந்தோருக்கு மட்டும் என்று மாற்றியது. பெருங்கடைகள் விற்பனையை நிறுத்தின.

இன்று கணினி ஆட்டங்களுக்கான டிஎல்சி திறப்புக் கருவிகள் இயங்கும் விதம், கேம் ஜீனியின் இடத்திலேயே மறுபடியும் போய் நிற்பதுதான். ஆட்டம் தொடங்கும்போது ஸ்டீம் போன்ற விற்பனைச் செயலியிடம், "இவர் இந்தப் பகுதியை வாங்கியிருக்கிறாரா?" என்று கேட்கும். திறப்புக் கருவி இரண்டுக்கும் நடுவே புகுந்து, எதைக் கேட்டாலும் "ஆம்" என்று பதில் சொல்லிவிடும். பகுதிக்கான ஃபைல்கள் ஏற்கெனவே கணினியில் இருந்தால் அது திறக்கும். இல்லையென்றால் வெறும் "ஆம்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஆட்டம் திண்டாடி நின்றுவிடும். கருவி சரியில்லை என்று பலர் ஒன்றன்பின் ஒன்றாக வேறு வேறு கருவிகளைத் தேடிப் போவது இந்த இடத்தில்தான். பொருளே வீட்டில் இல்லாதபோது, சாவியை மாற்றி என்ன பயன்?

திறந்தாலும் அது வாங்காத பொருள்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 65-அ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க இடம்தருகிறது. நோக்கம் என்ற சொல் அதில் முக்கியமானது. பணம் கட்டாமல் எடுத்துக்கொள்வதே நோக்கமாக இருக்கும்போது வாதாட அதிகம் இல்லை. சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், முதல் ஆட்டம் வெளிவந்து பல மாதங்கள் கழித்து ஒரு குழு உட்கார்ந்து உருவாக்கிய புதிய நிலப்பரப்புக்கும் கதைக்கும் கூலி தராமல் எடுத்துக்கொள்வது எனக்கு ஏற்புடையதல்ல. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் தள்ளுபடி விற்பனைக்குக் காத்திருக்கலாம். ஸ்டீமில் ஆண்டுக்குப் பல முறை அது வருகிறது.

நம் பகுதியில் தனியாகக் காணப்படும் ஒரு சிக்கலையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு பிளேஸ்டேஷனும் டிஸ்குகளும் வளைகுடாவில் இருக்கும் வாப்பாவோ மாமாவோ வாங்கி அனுப்பியவை. டிஸ்க் எந்த நாட்டுப் பகுதிக்காக வெளியானதோ, அந்தப் பகுதிக் கடையில் வாங்கிய டிஎல்சிதான் பல ஆட்டங்களில் பொருந்தும். இங்கே இந்தியக் கணக்கில் பணம் கட்டி வாங்கிய பிறகும் பூட்டு திறக்கவில்லை என்றால், திறப்புக் கருவியையோ, பெட்டியின் பாதுகாப்பையே உடைக்கும் ஜெயில்பிரேக்கையோ தேடி ஓடாமல், டிஸ்க் உறையின் முதுகில் அச்சிட்டுள்ள எண்ணையும், வாங்கிய டிஎல்சி எந்தப் பகுதிக்கு உரியது என்பதையும் முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு அந்த ஒப்பீடு உதவும்; ஜெயில்பிரேக் செய்த பெட்டியோ இணைய ஆட்டத்திலிருந்தே விலக்கப்படலாம்.

இனி அந்த எட்டாம் வகுப்புப் பையனின் கேள்வி. ஃப்ரீ ஃபயரின் டயமண்டும், பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ-யின் காசான யூசியும் கைபேசியில் இல்லை. ஒருவரிடம் எத்தனை டயமண்ட் இருக்கிறது என்ற கணக்கு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது; கைபேசி அந்த எண்ணைக் கேட்டு வாங்கித் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான். திரையில் தெரியும் எண்ணை ஒருவர் எப்படியாவது 99,999 என்று மாற்றிக்காட்டினாலும், ஒரு உடையை வாங்கப் போகும்போது சர்வர் தன் கணக்கைத்தான் பார்க்கும். ஆகவே டயமண்டை அள்ளித் தருவதாகச் சொல்லும் எந்தக் கருவியும் பொய். இதில் விதிவிலக்கு தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

பொய் என்றால் அதை ஏன் இத்தனை பேர் பரப்புகிறார்கள்? பிள்ளை அங்கே கொடுக்கும் தகவல்தான் அவர்களுக்கு வருமானம். முதலில் பிளேயர் ஐடி கேட்பார்கள். பிறகு ஆட்டக் கணக்கோடு இணைத்த ஃபேஸ்புக் அல்லது கூகுள் கடவுச்சொல்லைக் கேட்பார்கள். "நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யுங்கள்" என்று சொல்லி, வேறு சில செயலிகளை நிறுவச் செய்வார்கள். ஒவ்வொரு நிறுவலுக்கும் அவர்களுக்குத் தரகு கிடைக்கும். கடைசியில் ஓடிபி. கைபேசி அப்பாவுடையது, அதே கைபேசியில்தான் வங்கிக் குறுஞ்செய்தியும் யுபிஐயும் இருக்கின்றன என்பது பிள்ளைக்குத் தெரியாது.

மாற்றியமைத்த ஏபிகே ஃபைல்கள் (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் ஃபைல்கள்) இதைவிட மோசமானவை. ஆண்ட்ராய்டு, ஒவ்வொரு செயலியையும் அதை உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பத்தோடுதான் ஏற்கும். உள்ளே எதை மாற்றினாலும் அந்தக் கையொப்பம் செல்லாமல் போய்விடும். மாற்றியவர் தம் கையொப்பத்தைத்தான் இட முடியும். அதனால்தான் முதலில் அசல் ஆட்டத்தை நீக்கிவிட்டு இதை நிறுவச் சொல்கிறார்கள். முகம் தெரியாத ஒருவர் கையொப்பமிட்ட செயலி, குறுஞ்செய்தியைப் படிக்கவோ, திரையைப் படித்து இயக்க இடம்தரும் அணுகல்தன்மைச் சேவையை (ஆக்சசிபிலிட்டி) இயக்கவோ அனுமதி கேட்டால், அதற்கும் ஆட்டத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று உடனே புரிந்துகொள்ள வேண்டும். கணினியிலும் அப்படியே: ஆட்டத்துக்கு நடுவே புகும் ஃபைலுக்கு ஆட்டத்துக்கு இருக்கும் அனுமதிகள் எல்லாம் கிடைக்கும். நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடு என்று வரும் அறிவுரையை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் மெமரியைத் தொடுவது மற்றவரின் ஆட்டத்தைக் கெடுப்பதாகும். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2002 முதல் நடத்திவரும் கண்காணிப்பில் சிக்கிய கணக்கின் தடை நிரந்தரமானது. பப்ஜி மொபைல் 10 ஆண்டுத் தடை விதித்திருக்கிறது.

உள்ளே புகுந்து மாற்றிப் பார்க்கும் ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்கு அனுமதியோடு திறந்துவைத்த ஆட்டங்களே ஏராளமாக உள்ளன. ஸ்கைரிம், மைன்கிராஃப்ட் போன்றவற்றுக்கு ஆட்டக்காரர்களே செய்த மோட்கள் மலைபோல் இருக்கின்றன. ஸ்டீம் 2011 முதல் ஒர்க்‌ஷாப் என்ற இடத்தையே அதற்காக நடத்துகிறது. 1999-இல் ஹாஃப் லைஃப் என்ற ஆட்டத்துக்கு இருவர் செய்த மோட்தான் கவுன்டர் ஸ்ட்ரைக். அதன் உரிமையைப் பெற்று 2000-இல் மூல நிறுவனமே வெளியிட்டது. மெமரியைத் தேடிப் பழக விரும்பும் மாணவர், இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, தாம் வாங்கிய தனியாள் ஆட்டம் ஒன்றில், சேவ் ஃபைலின் நகலை எடுத்துவைத்துவிட்டுத் தொடங்கலாம்.

ஏற்கெனவே பொய்க் கருவி ஒன்றை நிறுவியாகிவிட்டது என்று தெரிந்தால், பிள்ளையைத் திட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. திட்டுக்குப் பயந்து பிள்ளை மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரருக்கே சாதகம். முதலில் அதை நிறுவிய கைபேசியை இணையத்திலிருந்து துண்டிக்க வேண்டும். பிறகு வேறொரு கைபேசியிலிருந்து கூகுள், ஃபேஸ்புக், ஆட்டக் கணக்கு ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றி, மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும்படி அமைக்க வேண்டும். சந்தேகமான செயலியை நீக்கினால் மட்டும் போதாது. படங்களை எடுத்துவைத்துவிட்டுக் கைபேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பதே பாதுகாப்பு. பணம் போயிருந்தால் காத்திருக்காமல் வங்கிக்கும், 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். புகார் எவ்வளவு விரைவில் பதிவாகிறதோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கப்படும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.